கண்டதும் கருதியதும் கேட்டதும்

1995 செப்டம்பர் 21ஆம் தேதி விடியும் முன்னரே, டெல்லிக் கோயில் ஒன்றில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி கிளம்பியது. பொழுது சாய்வதற்குள் நாடு முழுவதும், கடல் கடந்த நகரங்களிலும்கூட, கோயில் வாசல்களில் சொம்பும் கரண்டியுமாகக் கூட்டம் நின்றது. கரண்டிப் பாலைத் துதிக்கையின் வளைவில் ஒட்டினாற்போல் பிடித்தால், பால் கண்ணெதிரே குறைந்தது. பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. கரண்டியை விட்டுப் பால் போனது உண்மைதான். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தவர்கள் பாலில் சாயம் கலந்து பிடித்துப் பார்த்தபோது, அது எங்கே போனது என்பது தெரியவந்தது. ஈரக்கல்லைத் தொட்டதும் பரப்பு இழுவிசை பாலைக் கரண்டியின் விளிம்பைத் தாண்டி இழுத்துவிடுகிறது. பிறகு அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது. ஏற்கெனவே நனைந்திருக்கும் கல்லில் அந்தப் படலம் பார்வைக்குத் தட்டுப்படுவதில்லை.

அன்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னது, "என் கண்ணால் பார்த்தேன்" என்பதுதான். அவர்கள் கண்ணால் பார்த்தது பால் குறைந்ததை. சிலை குடித்தது என்பது அதிலிருந்து கருதிக்கொண்டது. மற்ற ஊர்களிலும் குடிக்கிறதாம் என்று கேட்டது அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது. காண்டல், கருதல், கேள்வி என்ற மூன்று இழைகள் ஒரே வாக்கியத்துக்குள் முறுக்கேறிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிப்பதுதான் அளவையியலின் வேலை. நம்புகிறவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் மறுபக்கம் என்று கோடு கிழித்துப் பேசுவது இன்று நமக்கு வழக்கமாகிவிட்டது. பழைய வாத நூல்களைத் திறந்தால் அந்தக் கோடு அங்கே காணப்படுவதில்லை. எதை நம்புகிறாய் என்பதற்கு முன்னால், எதைக் கொண்டு அறிந்தாய் என்ற கேள்வி அங்கே நிற்கிறது. இந்த வரிசை முறையை நாம் இழந்துவிட்டோம் என்பதே என் கவலை.

தமிழில் இக்கேள்வி முழு வீச்சோடு எழும் இடம் மணிமேகலையின் 27ஆம் காதை. வஞ்சி நகரத்தில், மாதவர் வடிவம் பூண்ட மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிறவர் அளவைவாதி. அவர் காண்டல், கருதல், உவமம், ஆகமம் எனத் தொடங்கிப் பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, அடுக்குகிறார். அதில் ஐதிகம் என்பதும் ஓர் அளவை. ஊரார் சொல்லும் வழக்கைக் கொண்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று தெளிவது அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு.

அந்தப் பத்தைவிட எனக்கு அருமையாகப் படுவது, அடுத்து அவர் சொல்லும் எட்டுப் பிழைகளின் பட்டியல். சிப்பியை வெள்ளி என்று கொள்வது திரிபு. தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். தடுமாற்றம் தீராமலே, ஆராயாமல், மனிதன்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். புலி நெருங்கி வருவதைக் கண்டும் புலி என்று உணராமல் நிற்பது கண்டுணராமை. முயற்கொம்பு என்பதுபோல் சொல் மட்டும் இருந்து பொருள் இல்லாதது இல்வழக்கு. இந்தப் பட்டியலைச் செய்தவர் மனித மனத்தைப் பக்கத்திலிருந்து கவனித்திருக்கிறார். ஐயத்தையும் தேராது தெளிதலையும் தனித்தனிப் பிழைகளாக வைத்திருப்பதைப் பாருங்கள். ஐயப்பட்டவன் இன்னும் வழியில் இருக்கிறான். தேராமல் தெளிந்தவன் தேடுவதையே நிறுத்திவிட்டான். பிள்ளையார் பால் குடித்த நாளில் நடந்தது இரண்டாவது.

எட்டாவது பிழை வியப்பூட்டுவது. அதன் பெயர் நினைப்பு. இவர்தாம் உன் தாய், இவர்தாம் உன் தந்தை என்று பிறர் சொல்ல, வேறு காரணம் ஏதும் இல்லாமல் அதை அப்படியே கொள்வது. மரத்துப் பேயை ஊர்ச்சொல்லால் நம்புவது அளவை. பெற்றோரைப் பிறர் சொல்லால் அறிவது பிழை. ஒரே வாதியின் வாயில் இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? காவியம் இதற்கு நேராக விடை தருவதில்லை. ஆனால் அதே பெற்றோர் எடுத்துக்காட்டு காதையின் கடைசியில், வேறொருவருக்கு எதிராக, திரும்பி வருகிறது.

அந்த வேறொருவர் பூதவாதி. சில பொருள்கள் கலக்கும்போது மதுவில் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது; அவை பிரிந்தால் அதுவும் போய்விடும். கண்கூடாகத் தெரிவதே உண்மை; கருத்தளவை, அதாவது அனுமானம், நிற்காது. இவ்வளவுதான் அவர் கொள்கை. முற்பிறவியை அறிந்தவர்கள் உண்டே என்று மணிமேகலை கேட்கிறாள். அவளே மணிபல்லவத்தில் தன் முற்பிறவியை உணர்ந்தவள். அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கும் என்கிறார் பூதவாதி. உடனே அவள், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்விதம் அறிவாய் என்று மடக்குகிறாள். காதையில் வாதம் அத்தோடு முடிகிறது, வெற்றி அவளுக்கு.

நான் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் தீர்ப்பை இரண்டாகப் பிரித்தே எழுதத் தோன்றுகிறது. காண்டல் ஒன்றே அளவை என்ற கொள்கை அவள் கேள்வியில் உடைந்துபோகிறது, அதில் ஐயமில்லை. தன் பிறப்பைத் தானே பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் முற்பிறவி நினைவு மயக்கமாக இருக்கலாம் என்று பூதவாதி எழுப்பிய ஐயத்துக்கு அவள் கேள்வி பதில் ஆகாது. அனுமானம் ஓர் அளவை என்று ஒப்புக்கொண்டாலும், இந்தக் குறிப்பிட்ட அனுமானம் சரியானதா என்பது தனியாகக் கேட்கப்பட வேண்டும். ஒரு கதவைத் திறந்து காட்டியதால் அதன் வழியே எதுவும் வரலாம் என்று ஆகிவிடாது.

இதை உணர்ந்ததால்தான் காவியம் அங்கே நின்றுவிடாமல் 29ஆம் காதைக்குப் போகிறது என்று நினைக்கிறேன். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அளவை இரண்டே, காண்டலும் கருத்தளவும் மட்டுமே, மற்றவை கருத்தளவில் அடங்கும் என்கிறார். மரத்துப் பேய்க்கு இப்போது தனி அளவை கிடையாது. பிறகு அவர் கற்பிப்பது, திக்நாகர் வழியில் வந்த பௌத்தத் தருக்கம். வடமொழி நியாயப் பிரவேசத்தோடு அது நெருங்கிப் பொருந்துவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களைபோல் என்பது திட்டாந்தம். அதன்பின் போலிகள்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஆக, அனுமானம் தவறிப்போகும் வழிகள் 33. ஒரு தமிழ்க் காவியத்தின் நாயகி துறவறத்தின் வாசலில் நின்று கேட்டுக்கொள்வது இதைத்தான்.

அளவைகளின் எண்ணிக்கையில் சமயங்கள் வேறுபட்டன. பூதவாதியைப்போல் காண்டலை மட்டும் கொண்ட உலகாயதர்க்கு ஒன்று, பௌத்தர்க்கும் வைசேடிகர்க்கும் இரண்டு, சாங்கியர்க்கு மூன்று, நியாயர்க்கு நான்கு, பாட்ட மீமாம்சகர்க்கு ஆறு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை அளவையிலிருந்தே தொடங்கி, பிறர் சொல்லும் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கினார்.

எண்ணிக்கையைவிட ஆழமான சிக்கல் அனுமானத்தின் அடியில் இருக்கிறது. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்பது உனக்கு எப்படித் தெரியும்? கண்ட அடுக்களைகள் சில, காணாதவை கணக்கில்லை. காணாததையும் சேர்த்து எல்லாம் என்று சொல்ல, காட்சி உதவாது. அனுமானம் உதவும் என்றால், நிறுவ வேண்டியதையே துணைக்கு அழைத்ததாகிவிடும். உலகாயதர் எழுப்பிய இந்தக் கேள்வியை 1739இல் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் வேறு வழியில் வந்து எழுப்பினார். இரண்டு இடத்திலும் முழுத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. ஜயராசி பட்டர் என்பவர் இன்னும் ஒரு படி போய், காண்டல் உட்பட எந்த அளவையும் நிற்காது என்று தத்துவோபப்லவசிம்மத்தில் வாதிட்டார். அந்நூல் 1940இல்தான் பரோடாவில் அச்சேறியது. உலகாயதரைத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் தோற்றவராகவே மேடையேற்றுகின்றன. சமணக் காவியமான நீலகேசியின் கடைசிச் சருக்கமும் பூதவாதம்தான். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற கேள்வி தோற்கவில்லை.

புகையையும் நெருப்பையும் வைத்தே இன்னொரு முடிச்சும் விழுந்தது. 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தருக்கர் தர்மோத்தரர் ஒரு காட்சியைச் சொல்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகை எழவில்லை. இறைச்சிக்குப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. தொலைவில் நிற்பவர் அதைப் புகை என்று கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று முடிவு செய்கிறார். முடிவு சரி. காரணமும் அவரளவில் நியாயமானது. ஆனாலும் அவர் அறிந்தார் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கக் கட்டுரையில் இதே வகைச் சிக்கலை எழுப்பி, காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற வரையறையை ஆட்டம் காணவைத்தார். அதற்கு எழுதப்பட்ட மறுமொழிகள் இன்றும் ஓயவில்லை. முடிவு சரியாக இருந்தால் போதாது, வழியும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் காஷ்மீரத்துப் பௌத்தரும் அமெரிக்கப் பேராசிரியரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

இவையெல்லாம் ஏட்டுச் சிக்கல்கள் என்று எண்ணுவோர்க்கு வல்கன் என்ற கோளின் கதையைச் சொல்ல வேண்டும். யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் போகாமல் விலகுவதைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, அதற்கு அப்பால் இன்னொரு கோள் இழுப்பதாக அனுமானித்து, அது இருக்கும் இடத்தையும் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்ப, சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. கருதல் காண்டலாகக் கனிந்த மகத்தான இரவு அது. 1859இல் அதே லெ வெரியே, புதன் கோளின் பாதையிலும் விளக்க முடியாத சிறு விலகலைக் கண்டார். அதே முறையில், சூரியனுக்கும் புதனுக்கும் இடையே காணாத கோள் ஒன்றோ பலவோ இருக்க வேண்டும் என்றார்.

அவ்வாண்டின் முடிவில் ஒரு கடிதம் வந்தது. ஒர்ழேர் என்ற சிற்றூரின் மருத்துவர் லெஸ்கார்போ, மார்ச் மாதம் சூரிய வட்டின் மேல் கரும்புள்ளி ஒன்று கடந்து போனதைத் தாம் கண்டதாக எழுதியிருந்தார். லெ வெரியே அந்த ஊருக்கே நேரில் போனார். கருவி எது, நேரத்தை எப்படிக் குறித்தீர், குறிப்பு எங்கே என்று குறுக்கு விசாரணை செய்தார். மருத்துவர் தம் கணக்குகளை மரப்பலகையில் எழுதுபவர். இடம் தேவைப்பட்டால் பலகையை இழைத்துவிடுவார். அத்தனையும் கேட்டு லெ வெரியே திருப்தியோடு திரும்பினார். மருத்துவருக்கு அரசு விருது கிடைத்தது, கோளுக்கு வல்கன் என்று பெயர் கிடைத்தது. 1878 சூரிய கிரகணத்தின்போது வாட்சன், ஸ்விப்ட் என்ற தேர்ந்த அமெரிக்க வானியலாளர்கள் இருவரும் சூரியனருகே அதைக் கண்டதாக அறிவித்தனர். கருதல் இருந்தது, காண்டல் இருந்தது, நம்பத்தகுந்தவர் உரையும் இருந்தது. கோள் மட்டும் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்த விலகல், ஈர்ப்பு பற்றிய தம் புதிய கோட்பாட்டிலிருந்தே வருவதைக் காட்டினார். 1877இல் இறந்த லெ வெரியே கடைசிவரை வல்கனை நம்பியிருந்தார்.

இதில் யாரையும் மூடர் என்று சொல்ல முடியாது. நெப்டியூனைக் கொடுத்த அனுமானமும் வல்கனைக் கொடுத்த அனுமானமும் வடிவத்தில் ஒன்றே. முன்னது ஒருமுறை பலித்ததால் வந்த உறுதி, பின்னதில் காட்சியையே வளைத்தது. கோள் அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்த கண்ணுக்குப் பக்கத்து விண்மீன் கோளாகத் தெரிந்தது. சிப்பியை வெள்ளியாகக் கண்டவனுக்கும் நேர்வது இதுவே. அறிவியலை நம்பத்தகுந்ததாக ஆக்கியது, வானியலாளர்கள் தவறாமல் இருந்தது அல்ல. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் அடுத்தடுத்துத் தேடிப் பார்த்து, காணவில்லை என்று சலிக்காமல் பதிவு செய்ததுதான்.

அப்படியானால் அளவையை அளப்பது எது? பௌத்தரான நாகார்ஜுனர் விக்ரகவ்யாவர்த்தனியில் நியாயரைப் பார்த்துக் கேட்டது இதுதான். பொருளை அளவை நிறுவுகிறது; அளவையை இன்னொரு அளவை நிறுவினால் முடிவே இராது; எதுவும் நிறுவ வேண்டாம் என்றால் உன் கொள்கை போயிற்று. நியாய சூத்திரம் தரும் விடை, தராசு பொன்னையும் நிறுக்கும், எடை தெரிந்த பொன்னைக் கொண்டு தராசையும் சோதிக்கலாம் என்பது. ஒரே நேரத்தில் எல்லாத் தராசையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்த தராசைச் சோதித்தால் போதும். மீமாம்சகரான குமாரிலர் வேறு வழி சொன்னார்: எழும் அறிவு தன்னளவில் செல்லும், மறுக்கும் அறிவு வரும்வரை. நீதிமன்றத்தில் குற்றம் நிறுவும்வரை ஒருவர் நிரபராதி என்பதுபோன்ற நிலை இது. அன்றாட வாழ்வுக்குக் குமாரிலரும், பெரிய உரிமைகோரல்களுக்கு நியாயரும் பொருந்துவதாக எனக்குப் படுகிறது.

உலகமே தோற்றமாக இருந்தால்? வசுபந்து கனவைக் காட்டி, வெளிப்பொருள் இல்லாமலே காட்சிகள் ஒழுங்காக எழ முடியும் என்றார். 1641இல் தெகார்த் தம்மை ஏமாற்றும் தீய சக்தி ஒன்றைக் கற்பனை செய்தார். 1981இல் ஹிலரி பட்னம், தொட்டிக்குள் மிதக்கும் மூளையைப் பற்றி எழுதினார். இன்று அதையே கணினிக்குள் ஓடும் உலகம் என்கிறார்கள். வடிவம் மாறுகிறது, வாதம் மாறவில்லை. எந்தக் காட்சியும் தனக்கு எதிராக நிற்க முடியாதபடி அமைக்கப்பட்ட வாதம் இது. அதுவே அதன் பலம், அதுவே பலவீனம். கல்லை உதைத்து இதை மறுத்தேன் என்று 1763இல் சாமுவேல் ஜான்சன் சொன்னது தத்துவத்தில் செல்லாது. ஆனால் எதற்கும் வேறுபாடு காட்டாத கொள்கையை ஏற்பதாலோ மறுப்பதாலோ நாம் அறிவது ஒன்றும் கூடுவதில்லை. ஆகவே இதில் அதிகம் தங்க நான் விரும்பவில்லை.

தங்க வேண்டிய இடம் இறைவன் பற்றிய வாதம். நம்பிக்கையாளர் ஒரு பக்கம் என்ற கோடு உடைவது இங்கேதான். சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்தில் மெய்கண்டார், தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் கொண்டு அதை இயக்கும் முதல்வன் உண்டு என்று அனுமானத்தில் தொடங்குகிறார். நியாயரான உதயணரும் அந்த வழியினரே. ஆனால் இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில், பிரமத்தை அனுமானத்தால் நிறுவ முடியாது, சாத்திரம் ஒன்றே அதற்கு அளவை என்று வாதிடுகிறார். குடத்தைச் செய்தவன் உடலுள்ளவன். மாளிகையைக் கட்டியவர்கள் பலர். உலகம் செய்யப்பட்டதே என்று கொண்டாலும், செய்தவன் ஒருவனே என்பதும், உடலற்றவன் என்பதும் அதிலிருந்து எப்படி வரும்? ஹியூம் இறந்தபின் 1779இல் வெளிவந்த அவருடைய உரையாடல் நூலில் இதே மறுப்பு இருக்கிறது. ஸ்ரீரங்கத்து ஆசாரியர் அதைச் சொல்லிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. மீமாம்சகர் வேதத்தை முழுமையாக ஏற்றும் உலகைப் படைத்த கடவுளை மறுத்தனர். தன் முடிவுக்குச் சாதகமான வாதத்தையே, அது பழுதுடையது என்று பக்தர் ஒருவர் தள்ளிவைப்பது அறிவு நேர்மையின் உச்சம் என்பேன்.

இராமானுஜரை ஒப்புக்கொண்டால் முழுப் பாரமும் உரையின் மேல் இறங்கும். நம் அறிவில் பெரும்பகுதி உரையால் வந்ததே: பிறந்த தேதி, பூமியின் வயது, மாத்திரைக்குள் இருக்கும் மருந்து. பிறர் சொல்லை நம்பாதிருக்க முடியாது. கேட்டதையெல்லாம் நம்பவும் முடியாது. ஹியூம் 1748இல் ஓர் அளவுகோல் தந்தார்: அற்புதத்தைச் சொல்லும் சாட்சி பொய்யாக இருப்பது, அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம். இலங்கையில் தாவரவியல் கற்பித்த ஆப்ரகாம் கோவூர் 1963இல், ஏமாற்ற வழியில்லாத நிபந்தனைகளின்கீழ் அற்புத ஆற்றலைக் காட்டுவோர்க்கு லட்ச ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. அந்த அறிவிப்பின் உயிர் தொகையில் இல்லை, நிபந்தனைகளில் இருந்தது.

சான்று போதாதபோது நம்புவது அறம் சார்ந்த குற்றமா? ஆம் என்றார் வில்லியம் கிளிஃபோர்ட், 1877இல். பழைய கப்பலைப் பற்றி எழுந்த ஐயங்களை மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, அது நன்றாகப் போய்வரும் என்று உளமார நம்பிப் பயணிகளை ஏற்றி அனுப்பும் முதலாளி, கப்பல் தப்பித்து வந்தாலும் குற்றவாளியே என்பது அவர் வாதம். 1896இல் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார்: சான்று தீர்க்க முடியாத, தள்ளிப்போட முடியாத, வாழ்வைப் பாதிக்கும் தேர்வுகளில் மனம் சாயும் பக்கம் போக உரிமை உண்டு. ஜேம்ஸ் சொன்ன இந்த நிபந்தனைகளை மறந்து, விரும்பியதை நம்பலாம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோர் அதிகம். என் தீர்ப்பு: தன் உயிரும் தன் ஆறுதலும் மட்டும் சம்பந்தப்பட்ட இடத்தில் ஜேம்ஸ், கப்பலில் பிறர் ஏறும் இடத்தில் கிளிஃபோர்ட். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும், ஒரு சாதியையோ மதத்தையோ பற்றிக் கேட்டதை மற்றவர்க்குச் சொல்வதும் பிறர் ஏறும் கப்பல்கள்.

மணிமேகலை என்றால் நமக்கு அமுதசுரபியும் பசிப்பிணியும் நினைவுக்கு வருகின்றன, அது தகும். 27ஆம், 29ஆம் காதைகளைக் கடினம் என்று தள்ளிவிடுகிறோம், அது தகாது. நம் கல்லூரிகளில் தமிழ் ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பருவம் அந்த எட்டுப் பிழைகளையும் 33 போலிகளையும் மாணவர்க்கு நடத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்த வாரச் செய்தித்தாளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தேடிக் கொண்டுவரும்படி மாணவரிடம் சொல்ல வேண்டும். புதிய பாடநூல் இதற்குத் தேவையில்லை. உ.வே.சாமிநாதையர் 1898லேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்.